வீட்டுக்கு மேலே ஒரு பிசினஸ் கிளாஸ்

வெள்ளி ராத்திரி, நாகர்கோவில்

நாளைக் காலையில் கொழும்புக்குப் போகிறேன். வேலை கிடையாது, கல்யாணம் கிடையாது, நேர்ச்சையும் கிடையாது. பிசினஸ் கிளாஸில் ஒருதடவை உட்கார்ந்து பார்க்கணும், அதுக்குத்தான் போறேன். வருஷக்கணக்கா விமானத்தில் ஏறும்போதெல்லாம் முன்னால் இருக்கும் அந்தப் பெரிய சீட்டுகளைத் தாண்டி, திரைக்கு அந்தப்பக்கம் போய் முழங்கால் இடிக்க உட்கார்ந்த ஆள் நான். இந்த வருஷம் நான் கட்டிவந்த சீட்டு விழுந்து பணம் கைக்கு வந்ததும் முதலில் தோன்றியது இதுதான்.

லண்டன், துபாய் என்று பிசினஸில் போக அந்தப் பணம் காணாது. அதனால் கணக்கைத் திருப்பிப் போட்டேன். நம்ம பக்கத்தில் இருந்து பிசினஸ் கிளாஸ் உள்ள, இருப்பதிலேயே குட்டையான பயணம் எது? எங்கள் மாவட்டத்தில் விமான நிலையம் கிடையாது. எங்களுக்கு ஏர்போர்ட் என்றால் திருவனந்தபுரம்தான். பழைய ஆட்கள் இன்றைக்கும் "திருவந்தோரம்" என்று சொந்த ஊர் மாதிரிதான் சொல்வார்கள், எங்கள் மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்த 1956 வரைக்கும் தலைநகரமே அதுதானே. அங்கிருந்து கொழும்பு நேர்க்கோட்டில் சுமார் 350 கிலோமீட்டர், பறக்கிற நேரம் ஒரு மணி நேரத்துக்கும் குறைவு. டிக்கெட் விலையைச் சொன்னால் வீட்டில் சண்டை வரும். எகானமியைப் போல இரண்டரை மடங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். கம்பெனி பேரும் போடப்போவதில்லை, விளம்பரமும் வேண்டாம், வம்பும் வேண்டாம்.

கூட வருவது அத்தான். அக்காவைக் கட்டியவர், ராணித்தோட்டம் டிப்போவில் கண்டக்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். விமானத்தில் இதுவரை ஏறியதே இல்லை. முதல் தடவையே பிசினஸ் கிளாஸ் என்றால் அப்புறம் எகானமி கஷ்டமாக இருக்குமே என்று நான் சொன்னதற்கு, "அப்புறம் எங்க மாப்ளே போகப்போறேன்" என்றார்.

சாயங்காலம் ஒரு வேடிக்கை நடந்தது. போனில் மேப்பை விரித்து, அதன்மேல் ஸ்கேலை வைத்து, திருவனந்தபுரத்தில் இருந்து, கொழும்பு விமான நிலையம் இருக்கிற கட்டுநாயக்காவுக்கு ஒரு கோடு பிடித்துப் பார்த்தேன். கோடு நேராக நாகர்கோவில் மேலே போகிறது! அதாவது விடியற்காலம் எழுந்து இரண்டு மணி நேரம் காரில் மேற்கே போய், அங்கே விமானம் ஏறி, பத்து நிமிஷத்தில் எங்கள் வீட்டு மொட்டை மாடிக்கு மேலேயே திரும்பி வரப்போகிறோம். அம்மையிடம் காட்டினேன்.

"மக்களே, வீட்டுக்கு மேல பறக்கியதுக்கா இம்புட்டு ரூவா?"

பதில் இல்லை என்னிடம். பெட்டியில் மட்டிப்பழம் ஒரு சீப்பு வைக்கப் பார்த்தாள், பழம் எல்லாம் விமானத்தில் அந்த நாட்டுக்குக் கொண்டுபோக விடமாட்டார்கள் என்று சொல்லித் தடுத்துவிட்டேன். 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய பழம்தான், அது கஸ்டம்ஸ்காரனுக்குத் தெரியுமா.

சனிக்கிழமை, கட்டுநாயக்கா வழியாக நீர்கொழும்பு

நாலரைக்குக் கிளம்பினோம். ராத்திரி பெய்த ஐப்பசி மழையில் ரோடு கழுவி விட்டது போல இருந்தது. முன்னால் தோவாளைப் பூ ஏற்றிய ஒரு வேன், திருவனந்தபுரம் சந்தைக்கு. அதை முந்த டிரைவருக்கு மனசே இல்லை, தக்கலை வரைக்கும் பிச்சி வாசத்திலேயே போனோம். புலியூர்க்குறிச்சியில் உதயகிரிக் கோட்டை மதில் இருட்டில் கறுப்பாகத் தெரிந்தது. (இந்தக் கோட்டை நாளைக்கு மறுபடி வரும்.) மார்த்தாண்டம் மேம்பாலத்தில் அந்நேரத்துக்கு ஈ காக்கா இல்லை. கேரள எல்லையான களியக்காவிளையில் அந்தப்பக்கத்து லாட்டரிக் கடைகள் திறந்திருக்கவில்லை. தமிழ்நாட்டில் 2003இல் லாட்டரியை நிறுத்தியதில் இருந்து எங்கள் மாவட்டத்துக் குபேரன் எல்லைக்கு அந்தப்பக்கம்தான் குடியிருக்கிறான், இதுவும் பிறகு வரும்.

திருவனந்தபுரம் விமான நிலையத்தைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன், தெரியாதவர்களுக்கு. 1932இல் ஒரு ஃப்ளையிங் கிளப்பாகத் தொடங்கிய இடம், 1991இல் சர்வதேச நிலையம் ஆனது. பத்மநாபசாமி கோயில் ஆறாட்டு ஊர்வலம் சங்குமுகம் கடற்கரைக்குப் போவது இந்த ஓடுபாதையைக் குறுக்கே கடந்துதான். பங்குனியிலும் ஐப்பசியிலும், வருஷத்துக்கு இரண்டு நாள், சாயங்காலம் சில மணி நேரம் விமானம் ஒன்றும் இறங்காது, ஏறாது. சாமி போய்க் குளித்துத் திரும்பிய பிறகுதான் விமானம். இது ஐப்பசி என்பதால் டிக்கெட் போடும்போதே ஆறாட்டு நாளைப் பார்த்து ஒதுக்கிவிட்டுத்தான் போட்டேன். காலை விமானத்துக்குப் பாதிப்பு இல்லைதான், ஆனாலும் ஒரு பயம்.

பிசினஸ் கிளாஸின் முதல் ருசி வரிசையில்தான் தெரிகிறது. எகானமி கவுன்டரில் நாற்பது ஐம்பது பேர், முக்கால்வாசி பெட்டியில் பாலித்தீன் சுற்றி, கயிறு கட்டி, மேலே ஸ்கெட்ச் பேனாவில் பேர் எழுதி. இந்தப்பக்கம் நாங்கள் இரண்டு பேர் மட்டும். அத்தான் அந்த வரிசையைப் பார்த்துக்கொண்டே நின்றார். "கூட்டத்தை இப்பிடி ஒரு பக்கமா விட்டுட்டு நடுவே போனா, பஸ்ஸுல நம்மள அடிச்சிருப்பானுவ." இமிகிரேஷனில் எதுக்குப் போகிறீர்கள் என்று கேட்டார் அதிகாரி. "சும்மா" என்றேன். நிமிர்ந்து என் முகத்தையும் அத்தான் முகத்தையும் மாறிமாறிப் பார்த்து, டூரிஸ்ட் என்று அவரே சொல்லிக்கொண்டு முத்திரை குத்தினார்.

லவுஞ்சைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. குளுகுளு, சோபா, புட்டும் கடலையும், அளவு பார்க்காமல் காப்பி. அத்தான் இரண்டு தடவை புட்டு போட்டுக்கொண்டு, காசு கொடுக்காமல் எழுந்து வர மனம் ஒப்பாமல், தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு கழுவும் இடத்தைத் தேடினார்.

இனி விமானம். முன்னால் மூன்று வரிசை, பக்கத்துக்கு இரண்டிரண்டு, மொத்தம் பன்னிரண்டு சீட். எங்களைச் சேர்த்து நாலே பேர். அகலமான தோல் நாற்காலி, சாய்த்தால் பாதி படுக்கலாம், காலுக்குக் கீழே ஒரு பலகை எழும்பி வரும். படுத்துத் தூங்குகிற மாதிரி நீளமான கட்டில் சீட்டெல்லாம் பெரும்பாலும் தூரப் பயணம் போகிற பெரிய விமானத்தில்தான், அதை நினைத்து இதில் ஏறாதீர்கள். நாகர்கோவில் – எழும்பூர் வந்தே பாரத்தில் எக்ஸிகியூட்டிவ் கோச்சில் போயிருக்கிறேன், அந்த நாற்காலி ஜன்னல் பக்கம் திரும்பவாவது செய்யும். அத்தான் உட்கார்ந்ததும் முன்னால் பின்னால் எண்ணினார். "நம்ம வண்டியில இவ்வளவு எடத்துல முப்பது பேரு. நின்னுட்டு வாறவன் தனி."

சூடான சின்ன டவலை இடுக்கியில் பிடித்து ஒரு தட்டில் வைத்துக் கொடுத்தார்கள். நான் முகத்தைத் துடைத்தேன். அத்தான் அதை நீளவாக்கில் இரண்டாக மடித்தார், கழுத்துக்குப் பின்னால் சட்டைக் காலருக்குள் செருகினார், ஒரு நுனியை இழுத்துச் சரி செய்துகொண்டார். முப்பது வருஷம் வியர்வைக்குக் கைக்குட்டை செருகிய காலர், கை அதுவாகவே போய்விட்டது. பணிப்பெண் திரும்ப வாங்க வந்தபோது ஒரு நிமிஷம் அவரும் டவலைத் தேடினார், அத்தானும் தேடினார்.

பிசினஸில் முதலில் ஏற்றிவிடுவதில் ஒரு சங்கடம் உண்டு. எல்லாரும் நம்மைத் தாண்டித்தான் உள்ளே போகணும். நாம் ஜூஸ் குடித்துக்கொண்டிருப்போம், அவர்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பார்த்துக்கொண்டே போவார்கள். நான் பழம் ஜூஸைக் கீழே மறைத்து வைத்துக்கொண்டேன். அப்படியும் தப்பவில்லை. "அண்ணாச்சி! நீங்களா!" எங்கள் தெருவில் நாலாவது வீட்டுப் பையன், கொழும்பில் மாறி தோஹா போகிறான். என்னைப் பார்த்தான், டவலைக் காலரில் செருகிய அத்தானைப் பார்த்தான், சிரித்தான், போனான். வேலை முடிந்தது. நாங்கள் கட்டுநாயக்காவில் இறங்கி போனை ஆன் செய்தபோது அக்காவிடம் இருந்து வாட்ஸாப்: "களியக்காவிளையில உங்களுக்கு லாட்டரி அடிச்சிருக்காமே, தெருவே பேசிக்கிட்டிருக்கு, எனக்கு ஏன் சொல்லல?"

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். நான் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, கன்னியாகுமரி முனை வலது பக்கம் வரும் என்று கண்டுபிடித்து வலது ஜன்னலை வாங்கியிருந்தேன். விமானத்துக்கு என் ஸ்கேல் தெரியாது. அது வடமேற்கே பார்த்து ஓடிக் கடலுக்கு மேலே ஏறி, இடப்பக்கமாக ஒரு பெரிய வளைவு எடுத்துத் தெற்கே திரும்பியது. என் ஜன்னலில் அரபிக்கடல். நீலம், நீலம், மறுபடியும் நீலம். கரை முழுக்க இடப்பக்கம். பெல்ட் விளக்கு அணைந்த அடுத்த நொடி, பணிப்பெண்ணிடம் கேட்டுவிட்டு, இரண்டு பேரும் எழுந்து அந்தப்பக்கக் காலி சீட்டுக்கு ஓடினோம். சத்தியமாகச் சொல்கிறேன், கொடுத்த பணத்தில் பாதி இந்த ஒரு ஓட்டத்துக்குத் தகும். எகானமியில் ஜன்னல் மாறி உட்கார முடியுமா?

விழிஞ்ஞம் துறைமுகத்தின் நீலநிறக் கிரேன்கள் பின்னால் போய்க்கொண்டிருந்தன. ஃப்ளைட் மோடில் போட்டாலும் ஜிபிஎஸ் வேலை செய்யும், மேப்பை முன்கூட்டியே இறக்கி வைத்து ஜன்னலோரம் போனைப் பிடித்தால் போதும். நான் போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன், அத்தானுக்கு அது தேவைப்படவில்லை. நெற்றியை ஜன்னலில் ஒட்டி வைத்துக்கொண்டு ஸ்டேஜ் சொல்ல ஆரம்பித்தார்.

"நீரோடி... அந்தா ஆறு வந்து கடல்ல சேருதுல்லா, தேங்காப்பட்டணம், ஹார்பர் தெரியுதா... குளச்சல்... மண்டைக்காடு தாண்டியாச்சு... முட்டம், லைட் ஹவுஸ் அந்தப் பாறை மேல..."

குரல் மெல்ல ஏறிக்கொண்டே போனது. முன்சீட்டு ஆள் திரும்பிப் பார்த்தார். மேலிருந்து பார்த்தால் எங்கள் மாவட்டம் எவ்வளவு சின்னது, எவ்வளவு தண்ணீர். குளம், குளம், குளம், ஒவ்வொன்றும் உடைந்த கண்ணாடிச் சில் மாதிரி வெயிலில் மின்னுகிறது. பஸ்ஸில் போகும்போது கரை மட்டும்தான் தெரியும், இவ்வளவு குளம் இருப்பது தெரியவே தெரியாது. நடுவே தென்னையின் கரும்பச்சை, வடக்கே மலை. அந்த மலை முடிகிற இடைவெளியில் ஆரல்வாய்மொழிக் காற்றாடிகள் வெள்ளைக் குண்டூசி குத்தினதுபோல. நாகர்கோவில் கொஞ்சம் உள்ளே தள்ளி, ஒரு சாம்பல் திட்டாகத் தெரிந்தது. வீட்டுக்கு நேர் மேலே போகவில்லை, அம்மை சந்தோஷப்படுவாள்.

"மணக்குடி, பழையாத்து முகம்... கன்னியாகுமரி! எல்லாரும் எறங்கு!"

கடைசி இரண்டு சொல்லைச் சத்தமாகவே சொல்லிவிட்டார். கீழே பாறை இரண்டும் இரண்டு வெள்ளைப் புள்ளி. 133 அடி வள்ளுவர் ஒரு அரிசிமணி அளவுகூட இல்லை, பக்கத்துப் பாறைக்குப் போட்ட கண்ணாடிப் பாலம் எங்கே என்று தேடுவதற்குள் இறக்கை மறைத்துவிட்டது. களியக்காவிளையில் இருந்து கன்னியாகுமரிக்கு, நிற்கிற இடத்தில் எல்லாம் நின்றால் அத்தானுடைய வண்டிக்கு இரண்டரை மணி நேரம். இன்றைக்கு ஆறு நிமிஷம் ஆயிருக்குமா?

அதற்கு நடுவே சாப்பாடு வந்துவிட்டது, ஒரே ஓட்டமாக. மேலே ஏறி முடிக்கவும் கீழே இறங்கத் தொடங்கவும் இடையில் இருபது இருபத்தைந்து நிமிஷம்தான், அதற்குள் துணி விரித்து, பீங்கான் தட்டு வைத்து, கண்ணாடிக் கிளாஸில் ஊற்றி, எடுத்தும் ஆகணும். அந்தப் பெண்களைப் பார்த்தால் பாவமாக இருந்தது. ஆம்லெட், சாசேஜ், ஒரு பன், பழம். சூடாக இருந்தது, ருசியைக் கவனிக்க நேரமில்லை, நான் மன்னார் வளைகுடாவைப் பார்த்துக்கொண்டே விழுங்கினேன். துணி நாப்கினும் அத்தானின் காலருக்குப் போனது.

கடிகாரத்தை மாற்ற வேண்டாம், இங்கேயும் நம்ம நேரமேதான். விமானத்தில் இருந்து முதலில் இறங்கினோம், இமிகிரேஷனில் முன்கூட்டியே ஆன்லைனில் எடுத்த ஈடிஏ என்ற பயண அனுமதியைக் காட்டினோம், முதலில் வெளியே வந்தோம், வெளியே ஆட்டோவுக்கு எல்லாரையும் போலக் காத்து நின்றோம். பிசினஸ் கிளாஸ் அந்தக் கண்ணாடிக் கதவோடு சரி.

ஞாயிறு, நீர்கொழும்பு

கொழும்பு என்று சொல்லிக்கொண்டாலும் தங்கியது நீர்கொழும்பில், விமான நிலையத்தில் இருந்து பத்து கிலோமீட்டர்தான். கடல் தெரியும் அறை என்று பணம் வாங்கினார்கள். ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் கறுப்புத் தண்ணீர்த் தொட்டி. கேட்டதற்கு, தொட்டிக்கு அந்தப்பக்கம் கடல்தான் சார் என்றார்கள். உண்மைதான், சத்தம் கேட்டது. அத்தான் இதையெல்லாம் கண்டுகொள்வதில்லை, டிப்போ ஓய்வறையில் மூட்டைப்பூச்சியோடு படுத்த மனுஷன்.

காலையில் கடற்கரைக்குப் போனால் கருவாடு. பாய் பாயாக விரித்து, வரிசை வரிசையாக, வாய் பிளந்த மீன். கடலோரக் கோயில் மணி அடிக்கிறது, மாதா தெருமுனையில் கண்ணாடிக் கூண்டுக்குள் நிற்கிறாள், வலை தைக்கிறார்கள், நாய் படுத்திருக்கிறது. குளச்சலிலோ முட்டத்திலோ நிற்கிற மாதிரியே இருந்தது, போர்டுகளில் எழுத்து மட்டும் வட்டம் வட்டமாக. மீன் புரட்டிக்கொண்டிருந்த ஒரு பெரியவர் நாங்கள் பேசுவதைக் கேட்டுவிட்டு, "நீங்கள் இந்தியாவில எவ்விடம்?" என்றார். இங்கே மீன்பிடிக்கிற குடும்பங்களில் சிங்களத்தோடு ஒரு தனித் தமிழும் வழங்குகிறது. அவர் கேட்ட "எவ்விடம்" எங்கள் விளவங்கோட்டுக்காரன் வாயில் இருந்து வந்ததுபோலவே இருந்தது, அத்தான் அங்கேயே குத்தவைத்து உட்கார்ந்துவிட்டார். சாளை விலை, டீசல் விலை, பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் என்று ஒரு மணி நேரம்.

மத்தியானம் டச்சுக் கோட்டை வாசல் பார்த்தோம். மேலே 1678 என்று செதுக்கியிருக்கிறது. வாசலும் கொஞ்சம் மதிலும்தான் மிச்சம், உள்ளே இப்போது ஜெயில். இந்த டச்சுக்காரர்கள் இலங்கையில் இருந்து கப்பலில் படை அனுப்பித்தான் 1741இல் குளச்சலில் இறங்கினார்கள், திருவிதாங்கூர் ராஜா மார்த்தாண்டவர்மாவிடம் தோற்றார்கள். பிடிபட்டவர்களில் ஒருவர்தான் டிலனாய். அப்புறம் அதே ராஜாவுக்குப் படை பழக்கி, "வலிய கப்பித்தான்", அதாவது பெரிய தளபதி ஆகி, 1777இல் செத்து, உதயகிரிக் கோட்டைக்குள் படுத்திருக்கிறார். நேற்று இருட்டில் தாண்டி வந்தோமே அந்தக் கோட்டை. அத்தான் வாசலை மேலும் கீழும் பார்த்தார். "நாம ஒரு மணி நேரத்துல வந்துட்டோம். அவன் எத்தன நாளு கப்பல்ல வந்தானோ, வந்ததுக்கு ஊருக்குத் திரும்பவும் முடியல." அப்புறம், ஜெயில் காவலர் முறைக்கவே நகர்ந்தோம்.

ராத்திரி மீன்கறி. கறுத்துப்போய், கெட்டியாக, கொறுக்காப்புளி போட்டு வைத்தது. எங்கள் ஊர்க் கொடம்புளிக்குச் சொந்தக்காரப் புளி, அந்தப் புகைவாசம் ஒன்றேதான். தேங்காய் அரைப்பு மட்டும் இல்லை, அதனால் அத்தான் பத்துக்கு ஏழு மார்க்தான் போட்டார். நான் எட்டரை போடுவேன்.

திங்கள், வீடு

விடியற்காலை விமானம். கொழும்பு லவுஞ்சில் அத்தான் சிலோன் டீ கேட்டார், பை போட்ட டீ வந்தது, பால் வேண்டாம் கட்டன் போதும் என்று சைகையில் சொல்லி வாங்கினார். தேயிலை விளைகிற நாட்டில் பை டீயா என்று அவருக்கு வருத்தம்.

ஏழே கால் விமானம் நாற்பது நிமிஷம் தாமதம். அம்மைக்கு நேற்று ராத்திரியே, ஏழு நாற்பதுக்கு வீட்டுக்கு மேலே இருப்போம் என்று ஸ்கேல் கணக்கில் சொல்லி வைத்திருந்தேன். தாமதத்தைச் சொல்ல போன் செய்தால் எடுக்கவில்லை.

இந்தத் தடவை வலப்பக்கம் வாங்கியிருந்தேன், போகும்போது இடம் என்றால் வரும்போது வலம், சரியான கணக்கு. ஆனால் முழுக்க மேகம். இலங்கைக் கரை தாண்டியதும் பஞ்சை விரித்துப்போட்டது போல ஒரே வெள்ளை. இன்றைக்குத்தான் விமானம் என் கோட்டின் மேலேயே போனது. போனில் நீலப்புள்ளி கன்னியாகுமரிக்கு வடக்கே நுழைந்து, சுசீந்திரம் தாண்டி, நாகர்கோவில் மேலே, கிட்டத்தட்ட எங்கள் தெரு மேலே போய்க்கொண்டிருந்தது. கீழே ஒன்றும் தெரியவில்லை. அத்தான் ஸ்டேஜ் எதுவும் சொல்லவில்லை, தட்டில் இருந்த அன்னாசித் துண்டை முள்கரண்டியால் குத்திக்கொண்டிருந்தார். ஆசைப்பட்டுப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன், முன்னாலே உட்காருவதை விட முக்கியம் மேகம் இல்லாத நாள், அதைக் காசு கொடுத்து வாங்க முடியாது. மற்றபடி இவ்வளவு குட்டிப் பயணத்தில் பிசினஸ் கிளாஸின் சுகம் முக்கால்வாசி தரையில்தான், வரிசையும் லவுஞ்சும் பெட்டி முதலில் வருவதும். மேலே போனால் எல்லாம் அவசரம். மறுபடியும் போவேனா என்றால், சீட்டு விழட்டும், போவேன்.

திருவனந்தபுரத்தில் இறங்கியது எட்டே முக்கால், வீடு வந்தது பன்னிரண்டு. நெய்யாற்றின்கரையில் நெரிசல், களியக்காவிளையில் நெரிசல், மார்த்தாண்டத்தில் மேம்பாலத்துக்கு மேலேயும் நெரிசல். களியக்காவிளையில் அத்தான் காரை நிறுத்தச் சொல்லி ஒரு லாட்டரி வாங்கினார். தெருவில் பேசுகிறார்களே, அது பொய்யாகக் கூடாதாம்.

அம்மை வாசலிலேயே நின்றாள். "பாத்தேன்லா! மாடியில நின்னு துண்ட வீசிக் காட்டுனேன், நேர மேலயே போச்சு, சத்தம் கேட்டுது, நீ பாத்தியா?"

"எத்தன மணிக்கும்மா?"

"ஏழு நாப்பதுக்கு. நீ சொன்ன நேரத்துக்கு டாண்ணு."

ஏழு நாற்பதுக்கு நாங்கள் கட்டுநாயக்காவில் தரையில் உட்கார்ந்திருந்தோம். நான் ஆமா பார்த்தேன் என்று சொல்ல வாயெடுத்தேன், அத்தானால் முடியவில்லை, தொழில் புத்தி. "அது வேற வண்டி அத்தை. நாங்க லேட்டு."

"எந்த வண்டியா இருந்தா என்ன, கை காட்டியாச்சு. சாளைப் புளிமுளம் ஆறிப் போவுது, கை கழுவிட்டு வாருங்க ரெண்டுபேரும்."